இன்னாள் ஈன்ற மகவுக்கு

நிப்பூரின் மண்ணுக்குள் முகம் கவிழ்ந்து கிடந்த கிண்ணங்களே, உம்மை முதற்கண் விளிக்கிறேன். இரு பேராறுகளின் நடுவே கிடந்த நாட்டில், சாசானிய மன்னர் ஆண்ட காலத்தில், கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை மனை எடுத்து வாழ்ந்த யூதர், உம்மை வாயிற்படியின் அடியிலும் அறையின் மூலையிலும் முற்றத்து மண்ணிலும் கவிழ்த்துப் புதைத்தனர். நீவிர் பொன்னும் அல்லீர், வெள்ளியும் அல்லீர்; குயவன் சூளையில் சுட்டெடுத்த எளிய மட்கலங்கள். உண்பதற்கென வனைந்த உம்மை எழுத்தறிந்த ஒருவன் கையில் ஏந்தினான். கோலை மையில் தோய்த்தான். உம் அடிவயிற்றில் தொடங்கி, வளைந்து வளைந்து, விளிம்பைத் தொடும்வரை அரமேய மொழியில் எழுதினான். உம்முள் சிலவற்றின் நடுவே பேயின் உருவையும் தீட்டினான்: விரிந்த தலைமயிர், வெறித்த விழி, கையிலும் காலிலும் விலங்கு. தரையடியிலிருந்து ஏறிவரும் தீமை உம் குழிவில் அகப்பட்டு, அவ்வெழுத்தின் சுழலில் சிக்கி, வெளியேற வழியின்றி நிற்கவேண்டும் என்று வேண்டினான் போலும். அவன் காத்த வீட்டின் சுவர் விழுந்தது. கூரை மண்ணாயிற்று. நீவிர் மட்டும் கவிழ்ந்த கோலம் மாறாமல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அங்கே கிடந்தீர்.

உம் எழுத்தில் பேய்களின் பெயர் நிரம்ப உண்டு. தேவதூதரின் பெயரும் உண்டு. என் நெஞ்சை அறுப்பவை அங்குள்ள மனிதப் பெயர்கள். இன்னாள் ஈன்ற இன்னான், இன்னாள் ஈன்ற இன்னாள் என்று, தந்தையை விடுத்துத் தாயின் பெயரோடு சேர்த்தே ஒவ்வொருவரையும் குறித்தனர். கணவன் பெயர், மனைவி பெயர், பிறந்த பிள்ளைகளின் பெயர், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் ஓர் இடம். பின் அவர்தம் வீடு, கால்நடை, உடைமை என்று காப்பு விரிந்துகொண்டே போகும். யூதர் மட்டும் அல்லர். பாரசீகப் பெயர் தாங்கிய அயலாரும் யூத எழுத்தரை நாடி வந்து தம் பெயரை எழுதுவித்துக்கொண்டனர். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு எழுதித் தரும்போது யாரும் சமயம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்ப எனக்கு விருப்பம். எழுதியவன் பெரும்பாலும் தன் பெயரை எங்கும் இட்டானில்லை. யாருக்காக எழுதினானோ அவர் பெயரையே திரும்பத் திரும்ப எழுதினான்.

லிலித் என்பவள் அவர்கள் அஞ்சிய பெரும்பேய். இரவில் வருபவள், கருவுற்றவள் கட்டிலையும் கைக்குழந்தையின் தொட்டிலையும் தேடி வருபவள். அவளை அவர்கள் எதிர்கொண்ட முறை என்னை வியப்பில் நிறுத்துகிறது. வாள் எடுத்தாரில்லை. மணவிலக்கு முறி எழுதினர். கணவன் மனைவிக்கு எழுதித் தரும் விலக்கு முறி எச்சொற்களால் அமையுமோ அச்சொற்களாலேயே, யோசுவா பென் பெரஹியா என்னும் பழைய ஆசானின் அதிகாரத்தைத் துணைக்கு அழைத்து, இம்மனையில் உனக்கு இனி உரிமை இல்லை, புறப்படு என்று அவளுக்கு ஓலை கொடுத்தனர். முறைப்படி எழுதி, முறைப்படி கையளித்த ஆவணத்துக்குப் பேயும் கட்டுப்படும் என்று நம்பிய மக்கள் அவர்கள். சட்டத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களின் வழிவந்தோர்க்கு, 1935இல் நாஜி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில், சட்டமே பகையாகி வந்து நின்றதை நினைக்கையில் என் சொல் தடுமாறுகிறது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1888 முதல் 1900 வரை நிப்பூரை அகழ்ந்தபோது கிண்ணங்கள் பல, புதைத்த இடத்திலேயே கவிழ்ந்தபடி கிடைத்தன. ஜேம்ஸ் மாண்ட்கோமரி 40 வாசகங்களைப் படித்து 1913இல் நூலாக்கினார். இன்று அருங்காட்சியகங்களிலும் தனியார் பேழைகளிலும் 2,000க்கு மேற்பட்ட கிண்ணங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல, முறையான அகழ்வில் வந்தவை அல்ல. களவாய்த் தோண்டப்பட்டுக் கைமாறிக் கைமாறி வந்தவை. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வாசல் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மகனின் பெயர் இருக்கிறது, அவன் தாயின் பெயரும் இருக்கிறது, அவர்கள் வாழ்ந்த வீடு இல்லை. அந்நாட்டில் 2,500 ஆண்டு வேரோடி நின்ற யூதக் குடியில் 1,20,000 பேர் 1950–51இல் ஈராக்கை விட்டு வானூர்தி ஏறிப் போயினர். இன்று அங்கே எஞ்சியோர் ஒரு கை விரல்களில் அடங்குவர். குடி போன பின்னும் தரையடியில் காவல் கிடந்தீரே, கிண்ணங்களே! யாரைக் காத்துக் கிடந்தீர்?

அறிவுடையோர் எல்லோரும் இக்காப்புகளை ஒப்பினர் என்று சொல்லமாட்டேன். மைமோனிடஸ் (1138–1204) ஒப்பவில்லை. கதவுநிலையில் பதிக்கும் மெஸூசா என்னும் தோலேட்டுக்குள் தேவதூதரின் பெயர்களை எழுதிச் சேர்ப்போரை அவர் கடுமையாக இடித்துரைத்தார். இறைவன் ஒருவனே என்று நினைவூட்டும் கட்டளையைத் தம் நலத்துக்கான தாயத்தாக இவர்கள் தாழ்த்திவிட்டனர், இவர்க்கு மறுமையில் பங்கில்லை என்றார். அவர் நெறி உயர்ந்தது. அதன்முன் தலை வணங்குகிறேன். ஆயினும், மூன்று பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நான்காவதைக் கருவில் சுமப்பவளுக்கு அந்நெறி என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று எண்ணும்போது, என் மனம் அவளருகே போய் நின்றுவிடுகிறது.

அப்பெரியவர் வாழ்ந்த ஃபுஸ்டாட் நகரில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், பழுதான ஏடுகளை இட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. இறைவன் பெயர் தாங்கிய தாளை எரிப்பதும் எறிவதும் ஆகாது என்பது அவர்கள் மரபு. தேய்ந்த எழுத்துக்கும் அடக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலமன் ஷெக்டர் அவ்வறைக்குள் புகுந்து, ஏறத்தாழ 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அவற்றுள் மைமோனிடஸ் தம் கையால் எழுதிய ஏடுகள் இருந்தன. பெயரறியா எழுத்தர் பெயரறியா நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்த தாயத்துத் தாள்களும் இருந்தன. இடித்துரைத்தவரின் எழுத்தும் இடித்துரைக்கப்பட்டோரின் எழுத்தும் ஒரே இருளில் நூற்றாண்டுகளாக அருகருகே கிடந்தன. எழுத்துக்கு அடக்கம் செய்த அம்மக்களின் பிற்கால வழியினர், இலட்சம் இலட்சமாய், அடக்கமின்றி மாய்ந்தனர். இதற்கு எந்த ஏட்டில் இடம் காண்பது?

இனி, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்கு வருகிறேன். என் இரங்கலின் பெரும்பகுதி அங்கேதான் தங்கியிருக்கிறது.

இடைக்காலத்தில் எழுந்த பென் சிராவின் எழுத்துமாலை என்னும் நூல் லிலித்தின் கதையை இப்படிச் சொல்கிறது. ஆதாமுக்கு முதலில் படைக்கப்பட்ட மனைவி அவள். அவனுக்குப் பணிய மறுத்துப் பறந்து போனாள். சன்வி, சன்சன்வி, செமங்கெலாஃப் என்னும் மூன்று தூதர் அவளைத் தொடர்ந்து கடல் நடுவே மறித்தனர். பிறந்த குழந்தைகளை வாட்டும் ஆற்றல் எனக்கு உண்டு, ஆண் மகவு என்றால் 8 நாள், பெண் மகவு என்றால் 20 நாள் என்றாள் அவள். ஆயினும் உங்கள் மூவர் பெயரோ உருவமோ எந்தக் காப்பில் காணப்படுமோ, அந்தக் குழந்தையைத் தொடமாட்டேன் என்று ஆணையிட்டாள். அந்த ஆணையை நம்பியே பாக்தாத் முதல் அல்சாசு வரை யூத வீடுகள் தம் மகவை உறங்கவைத்தன. மூவர் பெயரையும் எழுதி, ஆதாமையும் ஏவாளையும் வீட்டுக்குள் வரவேற்று, லிலித்தை வெளியே நிறுத்தும் சொற்களை எழுதி, 121ஆம் சங்கீதத்தைச் சேர்த்துக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டனர். கதவுக்கு ஒன்று, சாளரத்துக்கு ஒன்று, புகைபோக்கிக்கும் ஒன்று. தீமை நுழையக்கூடிய துளை எதுவும் காவலின்றி விடப்படவில்லை. 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ராசியேல் நூலில் அம்மூவர் பறவைபோன்ற விந்தை உருவங்களாக நிற்கின்றனர். குழந்தை வரைந்த படம்போல் எளிய கோடுகள். அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தோர் எத்தனை ஊரில் எத்தனை பேரோ!

போலந்திலும் உக்ரைனிலும் இருந்த சிற்றூர்களில் காகிதத்தை வெட்டியும் இக்காப்பைச் செய்தனர். தாளை நடுவே மடிப்பர். மரப்பலகைமேல் அசையாதபடி பொருத்துவர். கூரிய சிறு கத்தியால், பொறுமையின் எல்லைவரை, கொடியும் இலையும் தூணும் ஏழுகிளை விளக்கும் செதுக்குவர். மடிப்பை விரித்தால் ஒரு பாதியில் பிறந்த சிங்கத்துக்கு மறுபாதியில் இணை நிற்கும். சிறுத்தை, கழுகு, மான், சிங்கம் ஆகிய நான்கும் ஆன்றோர் சொன்ன நான்கு குணங்களின் அடையாளமாய் மூலைகளில் காவல் இருக்கும். இவற்றைச் செய்தோர் பெரும்பாலும் மாணவரும் ஆசிரியரும் எளிய எழுத்தருமாகிய ஆடவர். பகலெல்லாம் ஏட்டில் குனிந்திருந்த கண்கள் மாலை வெளிச்சத்தில் கத்திமுனையில் குனிந்தன. தாளோ மலிந்த தாள். கடைக்காரன் கட்டித் தந்த தாளாகவும் இருக்கலாம், பள்ளிச் சுவடியில் கிழித்த தாளாகவும் இருக்கலாம். ஈரம் பட்டால் போயிற்று. எலி பட்டால் போயிற்று. அத்தனை மெலிந்த பொருளைச் சாவுக்கு எதிரே அரணாக நிறுத்திய துணிவை நான் என்ன சொல்லிப் போற்றுவேன்!

அல்சாசிலும் தென் ஜெர்மனியிலும் பெண்டிர் கத்தியொன்றைக் கையில் எடுத்துக் கட்டிலைச் சுற்றி வட்டம் கோலினர். கிழக்கே, ஆண் மகவு பிறந்த வீட்டுக்கு எழுத்துப்பள்ளிச் சிறுவர் மாலைதோறும் அழைத்துவரப்பட்டனர். கதவோரம் நின்று, உறங்கும் குழந்தைக்குக் கேட்கும்படி, இறைவன் ஒருவனே என்னும் உறுதிமொழியை உரக்கச் சொல்வர். சொல்லி முடித்ததும் கைநிறைய இனிப்பு. விருத்தசேதனத்துக்கு முந்திய இரவு காவலிரவு. அன்று வீட்டில் விளக்கு அணையாது, ஓதும் குரல் ஓயாது. எட்டு நாள்கூட உலகில் இராத ஓர் உயிருக்காக ஒரு தெரு முழுதும் விழித்திருந்தது. தாளில் எழுதிய மூன்று பெயரைவிட இந்த விழிப்பே பெரிய காப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கம்பக்கத்தார் அக்குழந்தையின் பெயரை அறிந்திருந்தனர், அல்லது அறியக் காத்திருந்தனர்.

இவை அழியும் என்பதை முன்னுணர்ந்த ஒருவர் இருந்தார். ஷ்லோய்மெ ஸன்வ்ல் ராப்பபோர்ட் (1863–1920) என்னும் இயற்பெயரும் அன்ஸ்கி என்னும் புனைபெயரும் கொண்டவர். பின்னாளில் திபுக் நாடகத்தால் உலகறிந்தவர். 1912 முதல் 1914 வரை வொலீனியாவிலும் பொடோலியாவிலும் ஏறத்தாழ 70 ஊர்களுக்குத் தம் குழுவுடன் போனார். இளைஞர் சாலமன் யுடோவின் நிழற்படம் எடுத்தார். மெழுகு உருளைகளில் பாட்டும் இசையும் பதிந்தனர். மருத்துவச்சிகளையும் மந்திரித்துக் கண்ணேறு கழிக்கும் பாட்டிமாரையும் தேடிப்போய் அமர்ந்து கேட்டனர். தாயத்துகளையும் வெட்டுத்தாள்களையும் பழம் ஏடுகளையும் விலைகொடுத்தும் வேண்டியும் பெற்றனர். 700 அளவில் பொருள்கள், 2,000 அளவில் நிழற்படங்கள். நகரத்துக் கல்விமான்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதைத் தம் மக்களின் இரண்டாம் வேதம் என்று மதித்து அவர் பொறுக்கினார்.

அவர் குழு ஒரு வினாநிரலும் செய்தது. மனிதன் என்னும் பெயரில் 1914இல் அச்சான அதில் 2,087 வினாக்கள். கருவுறுதல் தொடங்கிப் பிறப்பு, பள்ளி, மணம், நோய், சாவு, சாவுக்குப் பின் வரை. பிள்ளை பெற்றவளைக் காக்க உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள், எதை எங்கே தொங்கவிடுவீர்கள், யார் எழுதித் தருவார், யார் சுற்றிவருவார் என்று வினாக்கள் கிளைத்துக் கிளைத்துப் போகின்றன. ஊர்தோறும் ஒருவர் உட்கார்ந்து முதியோரைக் கேட்டு விடை எழுதி அனுப்பவேண்டும் என்பது திட்டம். அவ்வாண்டே போர் மூண்டது. விடைகள் வரவில்லை. அன்ஸ்கி வினாநிரலைக் கீழே வைத்துவிட்டுக் கலீசியாவில் வீடிழந்தோர்க்கு உணவும் மருந்தும் சுமந்து போனார். அழிந்த ஊர்களின் பெயரைப் பதிந்தார். 1920இல் வார்சாவில் மறைந்தார். பொருள்களில் பல இன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்கிலும், குரல் பதிந்த உருளைகள் கீவ் நகரிலும் உள்ளன. வினாக்கள் மட்டும் 2,087ம் அப்படியே நிற்கின்றன. உலகில் இத்தனை அன்போடு கேட்கப்பட்டு இப்படி விடையற்றுப் போன வினாக்கள் வேறு உண்டா என்று நானறியேன்.

1913இல் அவ்வூர்களில் ஒன்றில் பிறந்த பெண் மகவை எண்ணிப் பார்க்கிறேன். 20 நாள் அவளை மூவர் காத்தனர். தாளில் வெட்டிய சிங்கம் காத்தது. பாட்டியின் உதடு காத்தது. 1941இல் அவளுக்கு 28 வயது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் பொடோலியாவின் காமெனெட்ஸ்-பொடோல்ஸ்கில், உள்ளூராரும் ஹங்கேரியிலிருந்து துரத்தப்பட்டு வந்தோருமாக 23,600 பேர் மூன்று நாளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டோர் தம் கணக்கில் எழுதிவைத்த எண் அது. எண்ணை எழுதினர், பெயரை எழுதவில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாக லிலித்தை அஞ்சிச் சாளரத்தையும் புகைபோக்கியையும் அடைத்தார்களே, கதவைத் தட்டி, ஆணை காட்டி, வரிசையில் நிற்கச் சொல்லி வந்த சாவுக்கு எந்தத் தாளில் என்ன எழுதியிருக்க முடியும்? லிலித்துக்குக்கூட ஆணை உண்டு, வரம்பு உண்டு, எட்டு நாள் என்றும் இருபது நாள் என்றும் ஓர் எல்லை உண்டு. சுட்டோர்க்கு அதுவும் இல்லை.

ராசியேல் நூல் இருக்கும் வீட்டைத் தீ அணுகாது என்று அம்மக்கள் நம்பினர். எழுத்தறியாதவரும் அந்நூலை வாங்கி அலமாரியில் வைத்தனர். அவ்வூர்களின் மரத்தாலான தொழுகைக்கூடங்கள், விதானமெல்லாம் மானும் யானையும் விண்மீன் குறிகளும் எழுதப்பெற்றவை, பெரும்பாலும் தீக்கிரையாயின. நூலும் எரிந்திருக்கும். வெட்டுத்தாளின் சிங்கமும் எரிந்திருக்கும். காப்பு பொய்த்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காப்பு அறிந்த தீமை வேறு. வந்த தீமை வேறு.

யேமனின் வெள்ளித் தட்டாரைப் பற்றி விரிக்க இங்கே இடம் இல்லை. விடவும் மனம் இல்லை. அந்நாட்டில் வெள்ளி வேலை பெரிதும் யூதர் கையில் இருந்தது. மயிரிழையாய் இழுத்த கம்பியைச் சுருட்டி, கடுகினும் சிறிய மணிகளை அதன்மேல் பொடிவைத்து ஒட்டி, நீள் உருளையாகத் தாயத்துக் கூடு செய்வர். மந்திரம் எழுதிய தாள் உள்ளே உறங்கும். மணமகளின் மார்பிலும் பிள்ளையின் தொப்பியிலும் அது ஒலிக்கும். 1949–50இல் ஏறத்தாழ 49,000 பேர் வானூர்தியில் இஸ்ரேலுக்குப் போயினர். பலர் புறப்படும் முன் நகையை விற்றனர். பலர் வழியில் இழந்தனர். போய்ச் சேர்ந்த தட்டார் பலருக்கு அங்கே வாடிக்கை இல்லை. சாலை போடவும் தோட்டம் கொத்தவும் போயினர். கம்பி இழுத்த விரல் மண்வெட்டி பிடித்தது. உயிர் பிழைத்தார்கள் என்பதற்கு நன்றி சொல்கிறேன். கை மறந்த வேலைக்கு அழுகிறேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

மெஸூசா எழுதும் கலை இன்னும் உயிரோடிருக்கிறது. மாசிக்காயைக் கொதிக்கவைத்து, பிசினும் அன்னபேதியும் கூட்டி மை காய்ச்சுவர். உண்ணத்தக்க விலங்கின் தோலைப் பதனிட்டு, கோடு கீறி, இறகை முனை சீவிக்கொண்டு எழுத அமர்வர். 22 வரி, 713 எழுத்து. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசை பிறழாமல் எழுதவேண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனதை முடித்தபின் கண்டால் திரும்பிவந்து செருக இயலாது, அந்தத் தோல் வீண். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைத் தொடலாகாது. ஒவ்வொன்றையும் சுற்றி வெறுமை வேண்டும். புறத்தே எல்லாம் வல்லவன் என்னும் பெயரை எழுதி, சுருட்டி, கூட்டில் இட்டு, உள்ளே நுழைவோரின் வலப்பக்க நிலையில், மேல் மூன்றிலொரு பங்கில் பதிப்பர். கிழக்கு ஐரோப்பிய வழக்கில் சற்றே சாய்த்து. ஏழாண்டில் இருமுறை எடுத்து எழுத்து சிதைந்ததா என்று பார்ப்பர். நுழைவோர் விரலால் தொட்டு அவ்விரலை முத்தமிடுவர். மைமோனிடஸ் எவ்வளவு மறுத்தாலும், தொடும் விரலில் நடுக்கம் இருந்த நாளில் அது காப்பாகவே இருந்தது.

1939இல் போலந்தில் 33 இலட்சம் யூதர் இருந்தனர். அவர்களில் 30 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். வீடுகள் பல நின்றன. பிறர் குடிபுகுந்தனர், கதவுக்குச் சாயம் பூசினர், பூசிய சாயத்தின்மேல் மறுபடி பூசினர். ஆயினும் சில நிலைகளில், வலப்பக்கத்தில், தோளுயரத்தில், மரத்தைச் சாய்வாகக் குடைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு ஆணித்துளை இருக்கிறது. கூடு பெயர்த்தெடுக்கப்பட்டது, இருந்த இடம் பெயரவில்லை. ஏ கதவுநிலையே, உன்னை உராய்ந்து எத்தனை பேர் புகுந்தனர்! சந்தைக்குப் போனவள் கூடையோடு புகுந்தாள். எழுத்துப்பள்ளியிலிருந்து சிறுவன் ஓடிவந்து, எட்டாத கையை எம்பி நீட்டித் தொட்டுப் புகுந்தான். கடைசியில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வெளியேறினர். அன்று அவர்கள் தொட்டார்களா? தொட நேரம் தரப்பட்டதா? மரம் நீ, நீ அறிவாய், நீ சொல்லமாட்டாய்.

வார்சாவில் உள்ள ஒரு சிறு கைவினைக்கூடம் அப்பள்ளங்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறது. பள்ளத்தில் குழைவான பொருளை அழுத்தி அச்செடுக்கிறது. அச்சிலிருந்து வெண்கலம் வார்க்கிறது. மரத்தின் வெடிப்பும் உளியின் தடமும் ஆணித்துளையும் உரிந்த சாயமும் வெண்கலத்தில் மேடாகி எழுகின்றன, இன்மை பொருளாகிறது. எந்த ஊரின் எந்தத் தெரு வீடு என்பதைப் பொறித்து, புதிதாய் எழுதிய தோலேட்டை உள்ளே வைக்க, அது வேறொரு நாட்டில், மின்தூக்கியும் கண்ணாடிச் சாளரமும் உள்ள அடுக்குமாடி வீட்டின் வாசலில் மறுபடி காவல் ஏறுகிறது. நம் காலத்தில் கையால் செய்யப்படும் காப்புகளில் இதைவிட மேலானதை நான் அறியேன். வார்ப்பவர் எதையும் அழகுபடுத்தவில்லை. பள்ளம் எப்படி இருந்ததோ அப்படியே விட்டார். அந்த அடக்கத்துக்காக அவர்தம் கைகளை என் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

ஆனால், கிண்ணத்தில் பெயர் உண்டு, வீடு இல்லை என்றேனே. இங்கே வீடு உண்டு, பெரும்பாலும் பெயர் இல்லை. தெருவும் எண்ணும் சொல்லும் வெண்கலம், அத்தெருவில் அவ்வாசலைத் தொட்டுப் புகுந்தவர் எந்தத் தாய் ஈன்ற யார் என்று சொல்லவில்லை. சொல்லக் கேட்டறிய அண்டை வீட்டார் இல்லை.

வெட்டுத்தாள் கலையும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மீண்டது. இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் ஆடவரும் பெண்டிரும் இன்று கத்தி எடுத்து அமர்கின்றனர். புதிதாய்ப் பிறந்த மகவின் தொட்டிலுக்கு மேல் தொங்கவிடக் காப்பு செய்து கொடுக்கின்றனர். ஒளிக்கற்றையால் நூறு நூறாக ஒரேமாதிரி வெட்டித் தள்ளும் எந்திரமும் வந்துவிட்டது. அதன் வெட்டு பிசிறற்றது. அது யாருக்காக என்பது அதற்குத் தெரியாது. பழைய அச்சுத் தாள்கள் சிலவற்றிலும் ஆயிரம் படி ஒரேமாதிரி அச்சிட்ட வாசகத்தின் நடுவே ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்; வாங்கிப்போனவர் இறகைத் தோய்த்து அவ்விடத்தில் தாயின் பெயரை எழுதினால்தான் தாள் காப்பாகும். கையால் செய்வோரே, எந்தத் தாளை வேண்டுமானாலும் எடுங்கள், எந்தக் கத்தியை வேண்டுமானாலும் பிடியுங்கள். சிங்கத்துக்கு முன் பெயரைக் கேளுங்கள். குழந்தையின் பெயர், பின் ஈன்றவள் பெயர். பிழையின்றி எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதுங்கள்.

அன்ஸ்கியின் 2,087 வினாக்களோடு ஒன்று கூட்டி, விடை தருவோர் ஒருவரும் இல்லாத அவ்வூர்களை நோக்கி நானும் கேட்கிறேன்: 1913இல் நீங்கள் தாளில் சிங்கம் வெட்டிக் காத்த அப்பெண் மகவுக்கு என்ன பெயர் இட்டீர்கள்? யார் ஈன்ற மகள் அவள்?